ஊருக்குப் போயிருக்கா

"தண்ணி சார், வீட்டம்மா வந்துட்டாங்க போலிருக்கே! எங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

பஸ் நிலையத்து வால்வுக் குழிக்குள் இரும்புச் சாவியை இறக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். டீக்கடைக்காரர் வாயெல்லாம் பல்லாகப் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"யாரா? நல்லா கேட்டீங்க போங்க. உங்க சம்சாரம்தான். சாயங்கால பஸ்ல வந்து இறங்கினாங்க. தண்ணி திறந்து விடுறவர் வீடு எதுன்னு கேட்டாங்க, கடைத்தெரு வழியா போங்கம்மான்னு கையைக் காட்டினேன். பாவம், ரொம்ப ஒல்லியா இருக்காங்க."

அது அப்படிப்பட்ட ஊர். ஒரு வீட்டில் தும்மினால் எதிர் வீட்டில் 'நூறு' என்பார்கள். வம்பும் பாசமும் ஒரே குழாயில்தான் வரும், இரண்டையும் தனித்தனியாகப் பிடிக்க முடியாது. குடியே தெரியாதவனுக்குத் தண்ணி சார் என்று பெயர் வைத்துவிட்டு, வாரம் ஒரு தடவையாவது அதைச் சொல்லிச் சிரித்தால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். அவனும் சேர்ந்து சிரிப்பான். இத்தனை பேர் ஒருவனை விசாரித்துக்கொண்டே இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று, பெரிய ஊரிலிருந்து மாற்றலாகி வந்த அவனுக்குத்தான் தெரியும்.

வந்த அன்றைக்கே இதே டீக்கடைக்காரர்தான் கேட்டார், "பாப்பாவோட அம்மா எங்கே?" என்று. சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்த பாப்பாவும் பதிலுக்காக அண்ணாந்து பார்த்தாள். ஐந்து வயதுப் பிள்ளை. அவள் எதிரில் எந்த வாயால் அதைச் சொல்வது?

"ஊருக்குப் போயிருக்கா. வந்துடுவா" என்றான்.

மீதியை ஊரே பார்த்துக்கொண்டது. தாயாருக்கு உடம்பு முடியாமல் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். நல்ல பெண், பெற்றவளைக் கைவிடவில்லை என்று இன்னொருத்தி மெச்சினாள். அவன் மறுக்கவில்லை. மறுக்க மனம் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கண் மூடியதையும், நர்ஸ் வந்து மூக்கில் பஞ்சு வைத்ததையும், கால் கட்டைவிரல்கள் இரண்டையும் துணி நாடாவால் சேர்த்துக் கட்டியதையும் அவன் நின்று பார்த்திருந்தான். உலகத்தில் எல்லா இடத்திலும் அவள் செத்துப்போயிருந்தாள். இந்த ஊரில் மட்டும் சாகவில்லை. "எப்ப சார் வராங்க?" என்று யாராவது கேட்கும்போது, ஒரு கணம், வந்துவிடுவாள் என்று அவனுக்கே தோன்றும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவன் இங்கே உயிரை வைத்துக்கொண்டிருந்தான்.

டீக்கடைக்காரர் யாரையோ பார்த்துவிட்டு உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். காலுக்கடியில் தண்ணீர் உறுமிக்கொண்டு ஓடியது.

கடைத்தெருவில் வெயில் இறங்கிவிட்டிருந்தது. ஈர மண், துருப்பிடித்த இரும்பு, யாரோ குப்பை கொளுத்திய புகை எல்லாம் கலந்து தெருவின் மேல் தாழ்வாகப் படிந்திருந்தது. அவன் இரண்டாவது வால்வைத் திறக்கக் குனிந்தபோது மருந்துக்கடைக்காரர் படியிறங்கி வந்தார்.

"சார், அண்ணி இந்தப் பக்கமா போனாங்க. சளி பிடிச்சிருக்கு போல. மூக்குல பஞ்சு வெச்சிருந்தாங்க. மாத்திரை தரேன்னேன், வேணாம்னுட்டாங்க."

சாவி கைநழுவிக் குழிக்குள் விழுந்தது.

அவனுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. அதை யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் காறித் துப்புவார்கள். முதலில் வந்தது சந்தோஷம். வந்துவிட்டாளா? அதற்குப் பிறகுதான், குனிந்து சாவியை எடுக்கும்போது, பயம் வந்தது. பஞ்சு. அந்தப் பஞ்சைப் பற்றி அவன் இந்த ஊரில் ஒரு சுவரிடம்கூடப் பேசியதில்லை.

பள்ளிக்கூடத் தெருக் குழாயடியில் பெண்கள் குடத்தோடு காத்திருந்தார்கள். அவனைக் கண்டதும் ஒரே சிரிப்பு.

"இனிமே கடைச் சோறு இல்ல, தண்ணி சாருக்கு யோகம்தான்!"

"என்ன யோகம்? பொண்டாட்டியை இப்படியா காய விடுறது? தண்ணி கேட்டாங்க, வீட்டுல இருந்த ஒரு குடத்தை அப்படியே குடிச்சாங்க. இன்னும் இருக்கான்னு கேக்குறாங்க!"

"காலுக்கு என்னண்ணே?" என்றாள் மூன்றாமவள், சிரிக்காமல். "செருப்பு இல்ல. ரெண்டு பாதத்தையும் ஒட்ட வெச்சு, இழுத்து இழுத்து நகர்றாங்க. கையைப் பிடிச்சுத் தெருமுனை வரைக்கும் நான்தான் கொண்டுவிட்டேன். உங்க வீடு இருக்கிற சந்து எதுன்னும் காட்டிட்டேன்."

எல்லோரும் வழி காட்டியிருந்தார்கள். கை நீட்டி, கை பிடித்து, தண்ணீர் கொடுத்து, ஊரே சேர்ந்து அவளைக் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

பாப்பா.

அவன் சாவியைப் போட்டுவிட்டு ஓடினான். பின்னால் யாரோ "அண்ணே, தண்ணி!" என்று கத்தினார்கள். தெருவிளக்கு இன்னும் போடவில்லை. இரண்டு பக்கத்துச் சுவர்களும் ஒரே கறுப்பாக ஆகிக்கொண்டிருந்தன. வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரித்தார்கள், "அவசரத்தைப் பாரு" என்றார்கள்.

பக்கத்து வீட்டில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் பள்ளிவிட்டு வரும் பாப்பா அவன் வரும்வரை தையல்காரம்மாவிடம்தான் இருப்பாள். துண்டுத் துணிகளை வைத்து விளையாடும் இடத்தில் அவள் இல்லை.

"பாப்பா எங்கேம்மா?"

"அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்களேண்ணே." தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டும் கட்டிக்கிட்டு ஒரே அழுகை. எனக்கே தாங்கலை. பெத்தவ வந்து கேக்குறா, மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

அவளை என்ன சொல்ல முடியும்? அவன் சொன்னதைத்தானே அவள் நம்பினாள்.

அவன் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பாப்பா தெருவுக்கு ஓடிவிடக் கூடாதென்று அவனே உயரத்தில் போட்ட மேல்தாழ். தோளால் இடித்தான். அசையவில்லை. சந்துக்குள் புகுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தான்.

டெட்டால் வாசனை. நனைந்த பஞ்சின் வாசனை.

மங்கலான பல்பின் கீழே அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பாப்பா. பாப்பாவின் தலைமுடியை மூன்றாக வகுத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். அவளேதான். புருவத்துக்கு மேல் அந்தத் தழும்பு. வேலை செய்யும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்ளும் அந்தப் பழக்கம். அவனுக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது.

"வந்துட்டீங்களா?" குரல் மூக்கடைத்து வந்தது. "சாப்பிட்டீங்களா?"

"கதவைத் திறம்மா."

"இருங்க, பின்னி முடிச்சுடுறேன். நீங்க பின்னுறீங்களே ஒரு பின்னல், எலிவால் மாதிரி." பாப்பா களுக்கென்று சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

அப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தான். உள்ளே போய், தாழைப் போட்டுக்கொண்டு, மூன்று பேரும். யாருக்கு என்ன நஷ்டம்?

"நாங்க கிளம்பணும்ங்க" என்றாள் அவள். "பாப்பாவை என்கூடக் கூட்டிட்டுப் போறேன்."

"எங்கே?"

"எந்த இடம்னு தெரியலை. ஒரே இருட்டு. யாரும் பேச மாட்டேங்கறாங்க. பிள்ளை இல்லாம அங்க இருக்க முடியலை." கெஞ்சலாக அவனைப் பார்த்தாள். "நீங்க வேலையெல்லாம் முடிச்சுட்டு மெதுவா வாங்க, என்ன?"

பாப்பா தலையாட்டினாள். அம்மா கூப்பிட்டால் எங்கேயும் போவாள்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஒரே ஒரு சொல். இத்தனை நாளும் எதைச் சொல்லாமல் அவளை உயிரோடு வைத்திருந்தானோ அந்தச் சொல். கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"பாப்பா, அம்மா ஊருக்குப் போகலைடா. அம்மா செத்துப்போயிட்டா."

பாப்பாவை மடியில் வைத்திருந்தவள்தான் கேட்டாள்.

"எப்போங்க?"

அவன் அழுதான். "மழைக்காலத்துல. உன் பக்கத்துலதாம்மா இருந்தேன். உன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எங்கிட்ட ஏங்க யாருமே சொல்லலை?"

கோபமே இல்லாத கேள்வி. கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண்ணில் இருந்த உயிர் போய்விட்டது. தாடை விழுந்தது. பஞ்சு உதிர்ந்தது. தலை மெல்லச் சாய்ந்து பாப்பாவின் தோளில் கனமாக இறங்கியது. கட்டிலில் அவன் பார்த்த அதே முகம்.

விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

"அப்பா, அம்மா இறுக்கமாப் பின்னுறா."

"வந்துடு பாப்பா! எழுந்து ஓடி வந்துடு!"

"வலிக்குதுப்பா. விட மாட்டேங்கறா."

கம்பியைப் பிடித்து உலுக்கினான். ஊரைக் கூப்பிட்டுக் கத்தினான். பின்னல் நுனிவரை வந்து முடிந்தது. விரல்கள் மேலே ஏறின. காதோரத்துப் பூனைமுடி. பிடரி. ஒன்றின் மேல் ஒன்று. இழுத்து. இழுத்து. பாப்பாவின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

பின்ன இனி முடி இல்லை. அந்தச் சின்னக் கழுத்தின் சதையை, மூன்று மூன்றாக வகுத்து, விரல்கள் பின்னிக்கொண்டே இருந்தன.