கரி படியாத அலாரம்

“என் மருமக என்னை உயிரோட கொளுத்தப் பார்த்தா!” என்றபடியே அந்த அம்மாள் உள்ளே நுழைந்தாள்.

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். ஊர் வைத்த பெயர் ‘நிதானம்’. அவருடைய கூட்டாளிக்கு ‘அவசரம்’. அம்மாள் உட்காருவதற்குள் அவசரம் கிளம்பத் தயாராகச் செருப்பை மாட்டிவிட்டாள்.

முந்தின நாள் மத்தியானம் மாடியில் அம்மாள் கண்ணயர்ந்திருக்க, பக்கத்துச் சாமான் அறையில் பழைய மெத்தை பற்றிக்கொண்டது. மூச்சு முட்டி விழித்தவள் தவழ்ந்தே தப்பினாள். அந்த அறையின் புகை அலாரம் வாயே திறக்கவில்லை.

“கீழ எதை வறுத்தாலும் இது ஊளையிடுது, கழட்டி எறியணும்னு அவதான் சொன்னா.”

அம்மாளின் வீட்டில் மருமகள் மாடிப்படியோரம் ஒடுங்கி நின்றாள். ‘திருட்டு முழி’ என்று அவசரம் மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

மகன் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். “நான் ஆபீஸ்ல இருந்தேன் சார். தீயணைப்பு வண்டி போனப்புறம்தான் வந்தேன். அந்த அலாரத்தைக் கழட்டக்கூட எனக்குத் தெரியாது.”

சாமான் அறை அடுப்புக்குள் நுழைந்தது போலிருந்தது. சுவரும் தாழ்ந்த கூரையும் கன்னங்கரேல். கூரை நடுவே அலாரம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. தண்ணீர் வடிந்தபின் தரையில் படிந்த கரிச்சேற்றில், அதற்கு நேர்கீழே ஒரு ஜோடி காலடிகள்.

நிதானம் பேச்சுவாக்கில், “தம்பி, அதை எடுத்துக் குடுங்க” என்றார்.

மகன் கையை உயர்த்தினான். ஒரு திருகு. அலாரம் கையோடு வந்தது.

“தெரியாதுன்னீங்களே?” என்றாள் மருமகள் மெல்ல.

அவன் முகம் வெளிறியது.

“கூரையில இது மாட்டியிருந்த தட்டைப் பாருங்கம்மா, உள்பக்கம் கூடக் கரி,” என்றார் நிதானம். “தீ எரிஞ்சப்ப அலாரம் இங்க இல்ல. அணைஞ்சப்புறம் யாரோ மாட்டியிருக்காங்க. சேத்துல நாற்காலி, ஏணி வச்ச தடம் இல்ல. தரையில நின்னே எட்டியிருக்காங்க. உங்க மருமக நுனிக்கால்ல நின்னாலும் எட்டாது.”

அவசரம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மகன் சுவரில் சாய்ந்தான். “சிகரெட்டை விட்டுட்டேன்னு உன்கிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன்மா. மத்தியானம் வந்து இங்க பிடிப்பேன். இது கத்துமேன்னு முதல்லயே கழட்டிடுவேன். நேத்து சரியா அணைக்கல போல. மாட்ட மறந்தும் போயிட்டேன். தீ அணைஞ்சப்புறம்தான் யாருக்கும் தெரியாம வந்து மாட்டினேன்.”

“பழி அவ மேல விழுந்ததே, அப்பவாவது வாயைத் திறந்தியாடா?”

அப்படிக் கேட்டுவிட்டு அம்மாள் மருமகளின் கையைப் பிடித்தாள். விம்மி அழுதாள்.

மருமகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “அழுகையெல்லாம் அப்புறம், அத்தை. மறுபடியும் தீப்பிடிச்சா எந்த வழியா ஓடணும், வெளிய எங்க சேர்ந்து நிக்கணும், இன்னிக்கே ரெண்டு பேரும் பேசி வச்சுக்கலாம்.”

“அவன்?”

மருமகள் கணவனை ஏறிட்டுப் பார்த்தாள். “அவர் வெளிய வந்துடுவார், அத்தை. நேத்து உங்களை உள்ள விட்டுட்டுப் போனவர்தானே.”