ஒருத்தியின் மூச்சு

அறையில் இரண்டு பேர் படுத்திருந்தும் மீட்டரில் ஒருத்தியின் மூச்சுதான் ஏறியிருந்தது.

இலக்கியா முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டாள். காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்று காட்டும் உள்ளங்கை அளவுக் கருவி அது. ஆய்வகத்தில் கழித்துப் போட்டதை அவளே பழுதுபார்த்து, அண்ணாமலை நகரில் வாடகைக்கு இருந்த மாடி அறைக்குக் கொண்டுவந்து, இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலில் வைத்திருந்தாள். மொட்டை மாடியில் வைத்தால் நானூற்றுச் சொச்சம் காட்டும். கத்திரி வெயிலுக்குப் பயந்து கதவையும் ஜன்னலையும் அடைத்து, ஏசியைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் படுத்தால், தூங்கி எழுவதற்குள் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். போன கோடையில் அதை வைத்தே சண்டை போடுவார்கள். "பாதிக்கு மேல ஒன்னுதுதான்டி. எரும மாதிரி மூச்சு வுடுற," என்பாள் அறைத்தோழி பிரீதா.

அவள் கப்பலில் போயிருந்த மாதங்களில் இலக்கியா தனியாகத்தான் படுத்தாள். தன் ஒருத்தி மூச்சுக்கு எண் எவ்வளவு ஏறும் என்பது அவளுக்கு மனப்பாடம். பிரீதா திரும்பி வந்து ஒரு வாரமாயிற்று. எண் இன்னும் அதே இடத்தில்தான் நின்றது.

உண்மையில் அந்தக் கப்பலில் போயிருக்க வேண்டியவள் இலக்கியா. அண்டார்டிகாவைச் சுற்றியிருக்கும் குளிர்ந்த கடல், உலகம் வெளியே விடும் கரியை எப்படி இழுத்து ஆழத்தில் வைத்துக்கொள்கிறது என்பதுதான் அவளுடைய ஐந்து வருட ஆராய்ச்சி. பயணத் திட்டத்தை எழுதியவள் அவள். கடல்நீர் பிடிக்கும்போது குழாயைப் பாட்டிலின் அடிவரை விட வேண்டும், ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது, நிரப்பும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், நம் மூச்சு தண்ணீரில் பட்டால் கணக்கே கெட்டுவிடும் என்று பிரீதாவுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். ஆனால் ஆய்வகத்துக்கு ஒரே ஓர் இடம். மேலிடத்தில் உன் பெயரைத் தேர்வு செய்யவில்லை என்று ஆய்வு வழிகாட்டி தட்சிணாமூர்த்தி சார் சொன்னார். இலக்கியா நம்பினாள். தன் கம்பளிக் காலுறைகளையும் பிரீதாவின் பெட்டியில் வைத்து, சிதம்பரம் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டாள்.

"அங்க நாம வுடுற மூச்சு பொக மாதிரி தெரியும்டி. எனக்கும் சேத்து ஊதிப் பாரு," என்றாள் இலக்கியா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த ஆசை உண்டு. கடலூர் முதுநகரில் அப்பா வேலை பார்த்த ஐஸ் கம்பெனி வாசலில் நின்று எத்தனையோ முறை ஊதிப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் தெரிந்ததில்லை.

பிரீதா திரும்பி ஒரு வாரமான அன்று மத்தியானம் கடைக்குப் போய்விட்டு மாடிப்படி ஏறும்போது கீழ்வீட்டு ராசம்மாள் இலக்கியாவை நிறுத்தினாள்.

"யம்மா இலக்கியா, மேல தண்ணி கிண்ணி கொட்டி வுட்டிருக்கீங்களா? இங்க கூரை ஒத்தரமெல்லாம் ஓதம் ஏறி ஈரமாக் கெடக்கு. கத்திரி வெயில்ல எங்கனா ஓதம் ஏறுமா?"

"இல்லியேக்கா."

"அந்தப் பொண்ணு வந்ததுலேருந்துதான். கப்பலையே கூட்டியாந்துட்டாளா என்ன." சிரித்துவிட்டு ராசம்மாள் உள்ளே போனாள்.

மாடிக் கதவு மரம் ஊறி நிலையில் இறுகியிருந்தது. தோளால் தள்ளித்தான் திறக்க முடிந்தது. உள்ளே திரை இழுத்த பழுப்பு வெளிச்சத்தில் ஏசி முனகிக்கொண்டிருந்தது, அதற்கு அடியில் ஒரு வாசனை, அல்லது வாசனை என்று எதுவுமே இல்லாத ஒன்று, ஐஸ் கம்பெனியின் அமோனியா நெடியும் மீன்கூடையின் உப்பும் கழுவப்பட்டு வெறும் குளிர் மட்டும் மிஞ்சியது போல மூக்கின் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. பிரீதா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கழுத்துவரை போர்வை. இலக்கியா அந்தப் போர்வையின் மடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

அப்போதுதான் போன் அடித்தது. தட்சிணாமூர்த்தி சார். அவள் வெளியே வந்து படியில் உட்கார்ந்து எடுத்தாள்.

"டிசம்பர் பயணத்துக்கும் பிரீதா பேரத்தாம்மா அனுப்பறேன். மனசுல வச்சுக்காத."

"சார், இதுலயும் போகலன்னா என் அஞ்சு வருஷமும் வீண் சார்."

"வலிப்பு வர்ற ஒடம்ப வச்சுகிட்டு நடுக்கடலுக்கு எப்படிம்மா அனுப்பறது? போன தடவயே அதனாலதான் ஒன் பேர நான் அனுப்பல. பாவம், பிரீதா வந்து அழுதுகிட்டே சொல்லிச்சு. ஒன் மேல அவ்ளோ பாசம் அதுக்கு."

ஆறு வயதில், காய்ச்சலில், ஒரே ஒரு தடவை வந்தது. அதன் பிறகு வரவே இல்லை. வீட்டுக்கு வெளியே அதை ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறாள். இதே அறையில், விளக்கை அணைத்துவிட்டு, கட்டிலுக்குக் கட்டில் பேசிக்கொண்டிருந்த ஓர் இரவில்.

பயம் எங்கோ போய்விட்டது. அவள் உள்ளே போனாள். ராசம்மாளின் காதில் விழக்கூடாது என்று கதவை இழுத்துச் சாத்தினாள். அது நிலைக்குள் ஆழமாக இறுகிக்கொண்டது.

"ஏன்டி சாருகிட்ட சொன்ன?"

"எத?" தூக்கக் கலக்கமே இல்லாத குரல். முதுகு அசையவில்லை.

"காய்ச்சல்ல வந்தத."

"சீட்டு ஒன்னுதான இருந்துச்சு."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்."

"குடுத்திருக்க மாட்ட."

உண்மைதான். இலக்கியா எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

மின்சாரம் போயிற்று. ஏசி ஒரு முறை உதறி நின்றது. வெளியே மே மாத வெயில் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தது. புழுங்கத் தொடங்க வேண்டும். புழுங்கவில்லை. பாதத்துக்கு அடியில் தரை சில்லிட்டது.

ஸ்டூலில் மீட்டர் மட்டும் பேட்டரியில் ஒளிர்ந்தது. எண் இறங்கிக்கொண்டிருந்தது. மொட்டை மாடிக் காற்றின் அளவுக்கு வந்தது. நிற்கவில்லை. அதற்கும் கீழே போயிற்று. மூச்சு விடும் ஓர் உயிர் இருக்கும் மூடிய அறையில் அப்படி ஓர் எண் வராது.

"நீ எழுதினதெல்லாம் சரிதான்டி," என்றது சுவர்ப்பக்கத்துக் குரல். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் மூச்சு இல்லை. "அந்தக் கடலு இழுக்கும். வச்சுக்கும். எவ்ளோ குடுத்தாலும் பத்தாதுன்னு மட்டும் நீ எழுதல."

"பிரீதா."

"அங்க ஒன் பேரையும் சொல்லிட்டுதான் வந்தேன்."

"யாருகிட்ட?"

இலக்கியா கதவுக்கு ஓடினாள். இழுத்தாள். கைப்பிடி ஈரமாக இருந்தது. கதவு அசையவில்லை. கீழே ராசம்மாள், கரண்டு போனதற்கு யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பக்கத்தில். கத்தினால் கேட்கும்.

கத்தினால் மூச்சு போகும்.

முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. திரும்பிப் படுக்கும் சத்தம்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள். எண் இறங்கியது. நெஞ்சு வலித்தது. காது அடைத்தது. எண் இறங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது.

வாய் தானாகத் திறந்துகொண்டது.

வெளியே வந்தது, தெரிந்தது. வெள்ளையாக. முதுநகரில் ஒரு சின்னப் பெண் ஊதி ஊதிப் பார்த்தும் காணாத அதே வெள்ளை. அது மேலே எழவில்லை. கலையவும் இல்லை. அவள் தோளைச் சுற்றி வளைந்து, நூல் போல நீண்டு, ஸ்டூலைத் தாண்டி, கட்டிலில் இவள் பக்கம் திரும்பிப் படுத்திருந்த பிரீதாவின் திறந்த வாய்க்குள் போய்க்கொண்டே இருந்தது.