அறுபத்தெட்டுப் படிகளில் மூன்று நிறுத்தங்கள்

பட்டாசு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் என்பதால் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அப்பேர்ப்பட்டவள் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வாயடைத்து நின்றாள்.

நான்காம் மாடியில் இருக்கும் டிரைவர் தாத்தா, தன் பழைய இரும்புப் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

பட்டாசின் வீடு மூன்றாம் மாடி. தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் தாத்தாவுக்கு ஒரு ரொட்டிப் பாக்கெட் கொண்டுபோய்க் கொடுப்பாள். வாங்கியதும் தாத்தா வாயாலேயே பஸ் ஹாரன் அடிப்பார். அதைக் கேட்காமல் அவளுக்குப் பொழுதே விடியாது. இன்று ஹாரன் இல்லை.

எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டாள். மகன் ஊருக்கு என்றார் தாத்தா.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வர்றானாம். நான் கீழே இறங்கி கேட்ல நின்னு, அவன்கூட மாடி ஏறி வந்துட்டா இங்கேயே இருக்கலாமாம். இல்லேன்னா பெட்டியோட கிளம்பணுமாம். நடக்கிற காரியமா இது? அதான் இப்பவே அடுக்குறேன்."

தாத்தா கீழே இறங்கி இரண்டு மாதம் ஆகிறது. அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. மொத்தம் அறுபத்தெட்டுப் படிகள். கடைசியாகக் காய்கறிப் பையோடு ஏறியபோது இரண்டாம் மாடியில் அவருக்கு மூச்சு வாங்கியது. உடனே கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் விசிறினார், ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார், இன்னொருவர் ஆம்புலன்சுக்கே போன் போட்டுவிட்டார். தாத்தாவுக்கு மானமே போய்விட்டது. அதற்குப் பிறகு கடைத்தெருவும் இல்லை, காய்கறியும் இல்லை, பேச ஆளும் இல்லை. மூன்று வேளையும் ரொட்டிதான்.

அன்று மாலை, வாரம் ஒருமுறை கட்டடத்துக்கு வரும் நர்ஸ் அக்காவைப் பட்டாசு வாசலிலேயே மடக்கினாள். தாத்தாவுக்குப் பலமான மாத்திரையாக ஒன்று வேண்டும், அது ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலை செய்ய வேண்டும் என்றாள்.

நர்ஸ் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான் சாப்பிடுறாரு. ஒவ்வொரு மாடியிலயும் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து ஏறினா அவரால தாராளமா முடியும். வெளியே போகாம, யார்கிட்டயும் பேசாம, வெறும் ரொட்டியத் தின்னுட்டு இருக்காரே, அதுதான் அவர் உடம்பைக் கெடுக்குது. ஆனா நடுவுல உட்கார எங்க இடம் இருக்கு? அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல, கண்ணு."

இடம்தானே? பட்டாசு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

அப்பா உட்கார்ந்து பேப்பர் படிக்கும் நாற்காலி, அவர் குளித்துவிட்டு வருவதற்குள் மூன்றாம் மாடிப் படிக்கட்டின் ஓரத்துக்கு இடம் மாறியிருந்தது. அனுமதியை அவள் பிறகுதான் கேட்டாள். இரண்டாம் மாடியில் குடியிருக்கும் தையல் அத்தை ஒரு முக்காலி கொடுத்தார். முதல் மாடி வீடு பூட்டிக்கிடந்தது. அங்கே போட ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு இருந்தாலே போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை கெஞ்சிக் கூத்தாடித் தாத்தாவை இறக்கிவிட்டாள். இறங்கும்போது ஒன்றுமில்லை. ஏறும்போதுதான் வந்தது வினை. முக்காலி கண்ணில் பட்டும் படாததுபோலத் தாத்தா தாண்டிப் போனார். அதற்குமேல் ஆறு படி ஏறுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

உட்காருங்களேன் என்றாள் பட்டாசு.

"நட்டநடு வழியில உட்கார நான் என்ன நோயாளியா? முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். ஸ்டாப் இல்லாத இடத்துல ஒருநாளும் வண்டியை நிறுத்தினதில்ல. ஸ்டாப்புல நிறுத்தாமப் போனதும் இல்ல."

தட்டுத்தடுமாறி மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பட்டாசுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முக்காலியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். தாத்தா சொன்னதையே மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

சட்டென்று எழுந்தாள். எழுந்த வேகத்தில் முக்காலி உருண்டது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டில் அட்டையும் பெயிண்டும் பறந்தன. அவள் மூக்கு நுனி சிவப்பானது, அப்பாவின் பேப்பர் நீலமானது. சனிக்கிழமை காலை தாத்தாவின் கதவைத் தட்டி, ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

மூன்றாம் மாடி நாற்காலிக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. 'பட்டாசு வீடு நிறுத்தம். எல்லா வண்டிகளும் நிற்கும்.'

தாத்தா அதை இரண்டு முறை படித்தார். அவருடைய மீசை துடித்தது. "ஸ்டாப்புல நிக்கலேன்னா என் மேல புகார் எழுதிடுவாங்க" என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டாம் மாடியில் 'தையல் அத்தை நிறுத்தம்.' அங்கே தையல் அத்தையே கையில் பையுடன் நின்றிருந்தார். முட்டிவலிக்குப் பயந்து அவரும் கீழே இறங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"ஸ்டாப்னா பயணி இருக்க வேண்டாமா? மெதுவா ஓட்டுங்க, நானும் கடைக்கு வர்றேன்" என்றார்.

முதல் மாடியில் பலகை மட்டும்தான். நின்றே இளைப்பாறினார்கள். அன்று இரண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போய், பேசிப் பேசி, பை நிறையக் காய்கறியோடு திரும்பினார்கள். பை இரண்டையும் பட்டாசு தூக்கிக்கொண்டாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று வண்டி நான்காம் மாடி சேர்ந்தபோது கட்டடமே அதிரும்படி ஒரு ஹாரன் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. மகன் காரை விட்டு இறங்கினால், கேட்டில் சலவைச் சட்டையோடு அப்பா நிற்கிறார். பட்டாசு படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் அறுபத்தெட்டுப் படி ஏறியாக வேண்டுமே.

நீங்கள் மெதுவாக வாருங்கள் என்று சொல்லிவிட்டு மகன் விறுவிறுவென்று முன்னால் ஏறினார். தாத்தா நின்று நின்று, தையல் அத்தையையும் ஏற்றிக்கொண்டு, கதை பேசியபடி வந்தார். மூன்றாம் மாடிக்கு வந்தால், மகன் இடுப்பில் கைவைத்துப் புஸ்புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பாவம், லிப்டிலேயே போய்வந்து பழகியவர்.

"ஸ்டாப்புல நிக்காம ஓட்டினா இப்படித்தான்டா. உட்காரு" என்றார் தாத்தா.

மகன் உட்கார்ந்தார். தலைக்கு மேலே இருந்த பலகையைப் படித்தார். பிறகு, கொஞ்சமும் மூச்சு வாங்காமல் நின்ற அப்பாவைப் பார்த்தார்.

நான்காம் மாடிக்குப் போனதும் அவர் பெட்டியிலிருந்த சட்டைகளையெல்லாம் எடுத்துக் கட்டிலில் வைத்தார். காலிப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார். பட்டாசுக்குப் பகீரென்றது. பெட்டியை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று பின்னாலேயே ஓடினாள்.

"முதல் மாடி ஸ்டாப்புல உட்கார ஒண்ணுமே இல்லையே" என்றார் அவர்.