எழுப்புநிறம்

மகிழினி நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் கிடந்த சென்னியப்பனுக்கு மகளைப் பார்த்ததுமே காரணம் புரிந்துவிட்டது. சுவர்தான்.

அவருக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? எழுப்புநிறத்தைக் கண்டுபிடித்தவரே அவர்தானே. பார்வைக்கு வெறும் சந்தன நிறச் சுவர். உள்ளே இருக்கும் நிறத்துகள்கள் மின்சாரத்தில் மிக மெதுவாகப் பச்சைப் பக்கம் நகரும், திரும்பும். கண்ணுக்குத் தெரியாது, கண்டுபிடித்தவர் கண்ணுக்கும்கூட. உடம்புக்கு மட்டும் தெரியும். உட்கார்ந்திருப்பவருக்குக் கொஞ்ச நேரத்தில் இருப்புக்கொள்ளாது. ஏதோ வேலை இருப்பதாக ஞாபகம் வரும், தானாகவே எழுந்து போய்விடுவார். யாரும் போகச் சொல்லியிருக்க மாட்டார்கள். கெட்ட பெயரே இல்லாமல் ஆளை விரட்டுகிற வித்தை.

முதலில் கோயம்புத்தூர் ஓட்டல்களில் பூசினார்கள். சாப்பிட்டுவிட்டு அரட்டையடிக்கும் கூட்டம் ஒழிந்தது. பிறகு அரசு அலுவலகங்களில் பூசினார்கள். மனுவோடு வந்தவர்கள் மனுவோடு வீடு திரும்பினார்கள். பூங்கா, பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி என்று ஒன்றும் மிச்சமில்லை. அவருக்கு விருது கொடுத்த மண்டபத்திலும் அதே நிறம்தான். அவர் நன்றி சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அதற்கும் மனுஷன் மகிழ்ந்துதான் போனார்.

இப்போது அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை. சாயங்காலம் உள்ளே கொண்டுபோவார்கள். பிழைப்பது நிச்சயமில்லை என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். அதுவரை மகள் பக்கத்தில் இருந்தால் போதும், அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். புனேயிலிருந்து வந்த மகளோ காலையிலிருந்து வருகிறாள், எழுந்து போகிறாள், மறுபடியும் வருகிறாள்.

“ஒரு போன் பேசிட்டு வந்தர்றேங்கப்பா” என்று இப்போதும் எழுந்தாள்.

“உக்காரு கண்ணு. போனுமில்ல ஒண்ணுமில்ல. இந்தச் செவுருதான் உன்னைய எந்திரிக்க வைக்குது. நான் பண்ணுனது எனக்குத் தெரியாதா?”

சிரித்தார். மகளுக்குத் தன்மேல் எந்த வெறுப்பும் இல்லை என்பதில் அவருக்கு அத்தனை நிம்மதி. நர்ஸ் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, சாயங்காலம் வரைக்கும் இந்தச் செவுர அணைச்சு வையி.”

அவள் சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“எதைங்க அணைக்கறது? நிறச்சுவரெல்லாம் புதுக் கட்டடத்துல மட்டுந்தானுங்க. இங்க சும்மா பெயிண்டு.”

அவர் நம்பவில்லை. ஜெசிந்தா நகத்தால் கீறிக் காட்டினாள். வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

கதவருகே நின்றிருந்த மகிழினிக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

“நம்ம ஊட்டு ஹால்லதானப்பா மொதல்ல அடிச்சுப் பாத்தீங்க? நீங்க மட்டும் அது தாக்காம இருக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு உக்காந்திருப்பீங்க. மாமா வந்தா பாதிக் காப்பியோட எந்திரிச்சுப் போயிருவாரு. நான் பள்ளிக்கூடத்துக் கதை சொல்ல வந்தா, சொல்லி முடிக்காம ஓடிருவேன். இரு கண்ணுன்னு ஒருக்கா சொன்னீங்களா? வேலை செய்யுதுன்னு அம்மாகிட்டச் சொல்லிச் சிரிச்சீங்க.”

“அது அப்பக் கண்ணு. இப்பத்தான் சும்மா பெயிண்டுங்கறாங்களே?”

“செவுரே வேண்டியதில்லீங்கப்பா. உங்க மொகத்தப் பாத்தாலே காலு எந்திரிச்சுக்குது. வேணும்னு பண்றதில்லீங்க.”

வந்து மறுபடி உட்கார்ந்தாள். கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இருந்தும் பாதங்கள் தானாகக் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டன. சென்னியப்பனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“போ கண்ணு. போய் போன் பேசிட்டு வா.”

விட்டால் போதும் என்று போனாள். நடைவழியில் அவள் செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. சென்னியப்பன் ஜெசிந்தாவிடம் திரும்பினார்.

“ஏம்மா, அந்தப் புதுக் கட்டடத்துல எனக்கு ஒரு ரூம் கெடைக்குமா? சாயங்காலம் வரைக்குந்தான்.”

“கெடைக்குமுங்க. ஆனா அங்க உங்க பொண்ணு உக்காரவே மாட்டாங்களே?”

“அதுக்குத்தாம்மா கேக்கறேன். அங்கன்னா செவுரு மேல பழியப் போட்டுக்கலாம்” என்றார்.