மயில்சாமி கம்பெனி வெப்சைட்டை அழித்தது யார்?

விஜயதசமி காலை எட்டு மணிக்கு, திருச்செங்கோடு மயில்சாமி ரிக் கம்பெனியின் வெப்சைட் செத்துப் போயிருந்தது. போர்வெல் போட ரிக் வண்டி தேடிய வாடிக்கையாளர் ஒருவர் போனில் சொல்லித்தான் விஷயமே தெரிந்தது.

ஒன்பதரைக்கு சைபர் கிரைம் எஸ்.ஐ. வசந்தாமணி வந்து சேர்ந்தார். திருவிழா பந்தோபஸ்து முடிந்து அன்றைக்குத்தான் கட்டையைச் சாய்த்திருந்தார். அதற்குள் போன் வந்துவிட்டது.

ஆபீசில் மூன்று பேர். முதலாளி மயில்சாமி, நெற்றியில் காவி நிறச் சந்தனத்தோடு அவர் மருமகன் கோகுல்ராஜ், அழுது முகம் வீங்கிய ஷாஹிஸ்தா. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் சின்னதாக ஆபீஸ் போட்டு வெப்சைட் செய்து கொடுப்பவள் அவள்.

"இந்தப் புள்ளதானுங்க மேடம் அழிச்சிருக்கு," என்றார் மயில்சாமி. "வண்டிக்காரங்க அத்தன பேருகிட்டயும் சொல்லிப்போட்டேன். புடிச்சு உள்ள வைங்க."

"எனக்குன்னு இருக்கறது பேரு ஒண்ணுதான் மேடம். அதையும் கெடுத்துட்டாரு," என்றாள் ஷாஹிஸ்தா.

வெப்சைட் நேற்று மாலை இந்த ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்தே அழிக்கப்பட்டதாக மெயில் வந்திருந்தது. பாஸ்வேர்டு அந்தக் கம்ப்யூட்டரிலேயே பதிந்திருந்தது. யார் உட்கார்ந்தாலும் திறக்கும்.

"நேத்து சாயந்தரம் யாரு இருந்தீங்க?"

"ஆயுதபூசை முடிஞ்சு நாங்க மூணு பேருந்தானுங்க, ஆளாளுக்குப் போயி வந்துட்டு இருந்தோம். பூசை போட்ட பொருள மறுபூசை வரைக்கும் எங்காளுக தொடுவாங்களா? அந்தப் புள்ளைக்குத்தான் அந்தப் பயம் கெடையாது."

வசந்தாமணி கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "வெப்சைட்ட இந்தப் பிளாட்பார்ம்ல போடலாம்னு யாரு முடிவு பண்ணுனது?"

"நான்தான் மேடம் சொன்னேன்," என்றாள் ஷாஹிஸ்தா. "ரிக் போட்டோவெல்லாம் போன்லயே மாத்தணும்னு சார் கேட்டாரு. இதுல அது சுலபம்."

"நான் வேற ஒண்ணு சொன்னனுங்க," என்றான் கோகுல்ராஜ். "சொந்த சர்வர், நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். உனக்கென்ன தெரியும்னு ஆளுக முன்னாடியே மாமா கேட்டுப்போட்டாரு."

வசந்தாமணி மேஜையருகே போனார். மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் எல்லாவற்றிலும் வெளிறிய சந்தனம். மவுஸில் மட்டும் காவி நிறம்.

"சந்தனம் யாருங்க வெச்சது?"

"நானேதானுங்க. கட்டையில அரைச்சு, எல்லாத்துக்கும் ஒரே கிண்ணத்துல இருந்து."

"மாப்பிள்ளை, உங்க நெத்தியில இருக்கறது?"

"நேத்துக் கோயில்ல குடுத்த பிரசாதமுங்க. சட்டைப் பாக்கெட்டுலயே..." பாதியில் நின்றது பேச்சு.

"நீங்கதான் அழிச்சது," என்றார் வசந்தாமணி. "மவுஸைப் புடிச்சதுல மாமா வெச்ச பொட்டு அழிஞ்சுபோச்சு. சாமி பொருள வெறுமனே விட உங்களுக்கு மனசு வரல. பாக்கெட்டுல இருந்த சந்தனத்தை வெச்சீங்க. இந்தப் புள்ள தொட்டிருந்தா பொட்டைப் பத்தி நினைச்சே இருக்காது."

கோகுல்ராஜ் தலை குனிந்தான். "மாமா தேர்ந்தெடுத்தது காணாமப் போச்சுன்னா, அடுத்ததுக்கு என்னையக் கேப்பாருன்னு நெனச்சனுங்க."

ஷாஹிஸ்தா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். "அழிச்சாலும் கொஞ்ச நாளைக்கு இந்தப் பிளாட்பார்ம் ஒரு காப்பி வெச்சிருக்கும் மேடம். அதுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொன்னேன். காலையிலிருந்து என்னைக் கிட்டவே விடல." சற்று நேரத்தில் வெப்சைட் திரும்பி வந்துவிட்டது.

மயில்சாமி கைகூப்பினார். "நம்ம மாப்பிள்ளைங்க. கேஸ் வேண்டாங்க."

இந்தப் பெண்ணை உள்ளே வைக்கச் சொன்ன அதே வாய். வசந்தாமணிக்கு அலுப்பாக இருந்தது. ஷாஹிஸ்தாவைப் பார்த்தார்.

"கேஸ் எனக்கும் வேண்டாம் மேடம். வெளிய நிக்கற அத்தன பேருகிட்டயும் நான் அழிச்சேன்னு சொன்னாரு. யாரு அழிச்சதுன்னு அதே ஆளுங்ககிட்ட அவரே சொல்லட்டும்."

மயில்சாமி மருமகனைப் பார்த்தார். பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ரிக் வண்டிகள் நின்ற பக்கமாக நடந்தார்.