பெரட்டில் ஒரு பதில்

சனி, ஞாயிறு வந்தால் என் கணவர் குணாளனுக்குத் தெரியாத ஊர் ஒன்றுக்குப் போயாக வேண்டும். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அது பைத்தியமாகவே முற்றிவிட்டது. தைப்பிங்கில் ஓயாத மழை. மூவாரில் காரை நிறுத்த இடமில்லை. மெர்சிங்கில் அறை முழுக்க மீன் வாடை. அவருக்கு எல்லா ஊரும் அழகு. எனக்கு எல்லா ஊரும் முட்டிவலி. விடுதி முகப்பில் நான் வாய் திறக்குமுன் அவரே சொல்லிவிடுவார்: “குணாளன். இது நம்ம வீட்டம்மா, சாரதா. எழுதிக்குங்க.”

கேமரன் மலைக்குப் போன சனிக்கிழமை, பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் சந்தையைத் தாண்டவே கார் நெரிசலில் இரண்டு மணி நேரம். தேயிலைத் தோட்டத்துக்குள் நாங்கள் தங்கவேண்டிய வீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. முன்பு தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி குடியிருந்த வீடு. எதிரே புல் மண்டிய வெற்றுக் களம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மோகனா சிரித்தாள்.

“சனிக்கிழமையிலயா வருவீங்க அக்கா? ஜேம்லயே லீவு முடிஞ்சிரும் லா.”

ஈரப் போர்வையின் வாடையில் தூக்கம் பிடிக்கவில்லை. விடியுமுன் எங்கோ இரும்பைத் தட்டும் ஓசை. வாசலுக்கு வந்தோம். மூடுபனியில் களமே தெரியவில்லை. அதற்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் பெயர்களை வாசித்தது. ஒரு பெயர். காத்திருக்கும் மௌனம். அடுத்த பெயர்.

“பெரட்டு எடுக்கறாங்க” என்றார் என் கணவர். வேலைக்குப் போகுமுன் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவது. “பாவம், ஒருத்தனும் வரல போல.”

“குளிருது. உள்ள வாங்க.”

“சிங்காரம்” என்றது குரல்.

“இருக்கேங்கய்யா!” என்று கத்திவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

குரல் நின்றது.

தாளில் பேனா உரசும் சத்தம் என் காதருகே கேட்டது.

தோசை வைக்க வந்த மோகனாவிடம் அவர் அதைச் சொல்லிச் சிரித்தார். “எனக்கு வேலை குடுப்பாங்களா?”

அவள் சிரிக்கவில்லை. “இங்க பெரட்டு நின்னு முப்பது வருசமாச்சு சார். அதெல்லாம் மண்சரிவுல போனவங்க பேரு. கேக்கும், நாங்க பதில் சொல்ல மாட்டோம்.”

“முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்று எரிந்து விழுந்தேன்.

“சொன்னா யாரு அக்கா தங்குவாங்க?”

நான்கு நாள் கழித்து, கிள்ளானில் எங்கள் வீட்டில், காலை ஐந்தரைக்கு எழுந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு என்றார்கள். குளிப்பாட்டும்போது பார்த்தேன்: கொழுந்து கிள்ளுகிறவர்களுக்கு இருப்பதுபோல் விரல் நுனிகளில் கறுப்புக் கறை. எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரமே மறுபடி மலையேறினேன். மறுபடியும் அதே நெரிசல். செத்தவரை மீட்கப் போகிறவளையும் ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர்கள் வழிமறித்தார்கள்.

“யாருகிட்ட போய் கேப்பீங்க அக்கா?” என்றாள் மோகனா.

“எழுதினவன்கிட்ட.”

ஞாயிறு விடியலில் களத்தின் நடுவே நின்றேன். பனி வாய்க்குள் புகுந்தது. இரும்பு ஒலித்தது. பெயர்கள் தொடங்கின. பதில் இல்லை. பதில் இல்லை.

“சிங்காரம்.”

“இருக்கேங்கய்யா.”

அவர் குரல். களைத்திருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. பிழையைக் கண்டால் சும்மா இருக்க முடியாத வாய் இது. “அவர் சிங்காரம் இல்ல! தப்பா எழுதியிருக்கீங்க! அவர் பேரு குணாளன். அடிச்சிடுங்க!”

பேனா உரசியது. ஒரு பெயரை அடித்தது. அடித்த இடத்தில் இன்னொன்றை எழுதியது.

“குணாளன்.”

“இருக்கேங்கய்யா.”

நான் செய்துவிட்டது அப்போதுதான் புரிந்தது.

“பேசினது யாரு?” என்றது குரல்.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பனிக்குள்ளிருந்து, விடுதி முகப்பில் கேட்ட அதே உற்சாகத்தோடு, அவர் சொன்னார்.

“நம்ம வீட்டம்மா, சாரதா. எழுதிக்குங்க.”

அது மூன்று நாளைக்கு முன்பு. கிள்ளானுக்குத் திரும்பிவிட்டேன். அலாரம் வைக்காமலே ஐந்தரைக்கு விழிப்பு வருகிறது. இன்று காலை அரிசி களையும்போது வலது கட்டைவிரல் நுனி கறுத்திருந்தது.

எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தேன்.