கழுவாத கல்

தென்னூருக்குக் குடிவந்த ஒரே வாரத்தில் அக்னஸின் நாய் ஜாக்கியின் காதில் மூன்று காயங்கள்.

விடிந்ததும் நான்கு தெருநாய்கள் கூட்டமாக அக்னஸ் வீட்டு வாசலுக்கு வரும். ஜாக்கி வெளியே பாயும். சண்டைதான்.

"ஞாயித்துக்கிழமை நல்லுசாமி மாட்டுவண்டியில ஏத்தி விட்டுடறேன்," என்றார் அப்பா அற்புதசாமி. "மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லுல காவலுக்கு நாய் வேணுமாம். இங்க இருந்தா கடிபட்டே செத்துடும்."

அக்னஸுக்குச் சோறு இறங்கவில்லை. கண் திறக்காத குட்டியாக இருந்தபோதே பால் புகட்டி ஜாக்கியை வளர்த்தவள் அவள்.

மறுநாள் ஜாக்கியைக் கட்டிவைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

நாய்கள் வந்தன. தெருமுனை விளக்குக் கம்பத்தை மோந்தன, நகர்ந்தன. சைக்கிள் கடைச் சுவரை மோந்தன, நகர்ந்தன. அக்னஸ் வீட்டுப் படிக்குப் பக்கத்தில் கிடந்த கல்லிடம் மட்டும் நின்றுவிட்டன. சுற்றிச் சுற்றி மோந்தன. உறுமின. நான்கும் அதன்மேல் சிறுநீர் கழித்தன.

அவை போன கையோடு அம்மா சகாயம்மாள் வாளியும் துடைப்பமுமாக வந்து, பினாயில் ஊற்றி அந்தக் கல்லைத் தேய்த்தாள். "தினம் இதே வேலையாப் போச்சு."

அக்னஸ் வெளியே ஓடினாள். "நீ அழிக்கிறம்மா. அதான் அதுங்க திரும்ப எழுத வருதுங்க."

"எதைடி?"

கூட்டமாக வாழும் நாய்கள் தங்கள் எல்லையை வாசனையால் எழுதிவைக்கின்றன. எழுதியது அப்படியே இருந்தால், மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அழிந்திருந்தால், யாரோ நம் இடத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று பதறும். அங்கே புது நாய் ஒன்றும் நின்றால் கேட்கவே வேண்டாம். அக்னஸ் தான் பார்த்ததை வைத்து இதையெல்லாம் சொல்லி முடித்தாள்.

அம்மா அவளை முறைத்தாள். "அதுக்காக அந்தக் கல்லுக்கு மெழுகுவத்தி ஏத்தச் சொல்றியா?"

"வேண்டாம்மா. தெருவோர வேப்பமரத்தடிக்குத் தள்ளி வெச்சிடறேன். நீ படியைக் கழுவு. கல்லைக் கழுவாத."

மறுநாள் நாய்கள் போனதும், பக்கத்து வீட்டு கமர் ஜஹானும் அவளும் கல்லை உருட்டினார்கள்.

"மூக்கை விட்டுட்டு ரெண்டு கையாலயும் தள்ளுடி," என்றாள் அக்னஸ்.

"நீ மட்டும் மூச்சே விடாம தள்றியே."

வெள்ளிக்கிழமை நாய்கள் படியருகே குழம்பி நின்றன. பிறகு மரத்தடியில் கல்லைக் கண்டுபிடித்தன. சனிக்கிழமை நேராக மரத்துக்கே போயின.

ஞாயிறு காலை, அப்பா பார்த்துக்கொண்டிருக்க, அக்னஸ் கயிற்றை அவிழ்த்தாள்.

ஜாக்கி படியில் நின்று குரைத்தது. மரத்தடியிலிருந்து நான்கு தலைகள் திரும்பின. ஒரு நிமிடம் பார்த்தன. பிறகு கல்லை மோந்துவிட்டு, வந்த வழியே போய்விட்டன. ஜாக்கியும் படியை விட்டு இறங்கவில்லை.

அப்பா அதன் காதைத் தடவினார்.

சிறிது நேரத்தில் நல்லுசாமியின் வண்டி வந்து நின்றது. "நாயை ஏத்தலாமாங்க?"

"நாய் வரலைப்பா. உள்ள வா, காபி சாப்பிட்டுப் போ."

படியை மறித்து நின்ற ஜாக்கி உறுமியது. நல்லுசாமி வண்டியிலிருந்து இறங்கவில்லை. "வரலாங்க. உங்க நாய் படியை விட்டு நகர்ந்தாத்தானே?"